95 காட்டிய கருவி

மருத்துவக் கருவிகளைப் பழுது பார்த்துப் பிழைப்பவன் நான். சென்னை வியாசர்பாடியில் வீட்டு முன்னறைதான் பட்டறை. கொரோனாக் காலத்தில், 2021 மே மாதத்தில், தெருவில் யாருக்கு இருமல் வந்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் என் வாசலில் வந்து விரலை நீட்டினார்கள். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று சொல்லும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் என்னிடம் இருந்தது.

எதிர் வீட்டுப் பெண்மணி தூய்மைப் பணியாளர். ஊரடங்கிலும் விடியற்காலையில் கிளம்பிவிடுவார். ஒப்பந்த வேலை, போகாத நாளுக்குக் கூலி கிடையாது. ஒரு மாலை வந்து, "அண்ணா, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது" என்றார். மாட்டிப் பார்த்தேன். 95. 94-க்கு மேல் இருந்தால் வீட்டிலேயே இருக்கலாம் என்பதுதான் அன்றைக்கு எல்லோர் வாயிலும் இருந்த கணக்கு. "பயப்படாதேம்மா, போய்ப் படு" என்று அனுப்பிவைத்தேன்.

மறுநாள் இரவு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கேயும் விரல் கருவி 93 காட்டியிருக்கிறது. மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது 86. மூன்று வாரம் கழித்துப் பிழைத்து வந்தார்.

அந்தக் கருவியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா என்ன? சிவப்பு ஒளி ஒன்று, அகச்சிவப்பு ஒளி ஒன்று. விரலைக் கடந்து மறுபக்கம் சேரும் ஒளியின் விகிதத்தை, முன்கூட்டியே பதித்த அட்டவணையோடு ஒப்பிட்டு எண்ணைச் சொல்லும். தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனினும் ஒளியை விழுங்கும் அல்லவா? கறுத்த தோலில் கருவி கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 1990-லேயே ஆய்வு வந்துவிட்டது. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் கணக்கோடு எழுதினார்கள்: கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, ரத்தத்தில் உண்மையில் 88-க்கும் கீழே இருந்தவர்கள் கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். குளிர்ந்த விரலும் மலிவான கருவியும்கூட எண்ணைக் கெடுக்கும். எதிர் வீட்டம்மா விஷயத்தில் நிறத்தை மட்டும் குற்றவாளியாக்க மாட்டேன். கருவியை நம்பி அவர் மூச்சை நம்பாதவன் நான்தான்.

நிறத்தின் மேல் பழி போடுவது கருவியோடு நிற்கவில்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் சிகாகோ நகர மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத கறுப்பினத்தவர், கொரோனாவில் இறந்தவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம். "அவர்கள் மரபணு அப்படி" என்று என் மைத்துனர் வாட்ஸ்அப்பில் தீர்ப்பெழுதினார். எரிச்சலாக இருந்தது. பஸ் ஓட்டியது யார், இறைச்சி ஆலையில் தோளோடு தோள் நின்றது யார், காப்பீடு இல்லாமல் சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் வருடக்கணக்கில் சுமந்தது யார் என்று பார்த்த பிறகல்லவா மரபணுவுக்குப் போக வேண்டும்! எங்கள் சந்துக்கு வந்து பாருங்கள் என்றேன். குடும்பத்துக்கு ஓர் அறை, நான்கு வீட்டுக்கு ஒரு கழிப்பறை. தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு குடம் இடிக்கும். ஆறடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். சந்தின் அகலமே ஆறடி இல்லை. மைத்துனர் கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்றை அனுப்பினார்.

சென்ற வாரம் அந்தம்மா சளியோடு வந்தார். "இது இப்போதாவது சரியாகக் காட்டுமா அண்ணா?" என்று சிரித்தார். கருவியை மாட்டினேன், எண்ணைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க அவர் மூச்சை எண்ணினேன். 18. சாதாரண வேகம்தான்.