சுருக்குப் பைக்குள் எத்தனை?

ஜூன் 9

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. கல்லிடைக்குறிச்சித் தெருவில் காலை எட்டரைக்குள் வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டன. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் திண்ணையில். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஆறு. இருவருக்கும் வீட்டில்தான் பாடம். வாத்தியார் நான்.

இன்று சிலேட்டில் 7 + 5 = ☐ + 4 என்று எழுதிக் கொடுத்தேன். பெரியவள் கட்டத்துக்குள் 12 என்று போட்டுவிட்டுச் சிலேட்டை நீட்டினாள். "அப்போ இந்த 4?" என்றேன். "அது சும்மா இருக்கு" என்றாள். சின்னவன் எல்லாவற்றையும் கூட்டி 16 என்றான்.

யோசித்துப் பார்த்தால் தப்பு என்னுடையது. இரண்டு வருடமாக "ஏழும் அஞ்சும் எவ்வளவு?" என்று கேட்டு, சமக்குறிக்கு அந்தப் பக்கம் விடையை எழுத வைத்தவள் நான்தான். அவளைப் பொறுத்தவரை அந்த இரண்டு கோடும் "இங்கே விடை போடு" என்று சொல்லும் பலகை. இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று அந்தக் குறி சொல்கிறது என்பதை நான் ஒருநாளும் காட்டவே இல்லை.

நம் பாடநூலில் ஆறாம் வகுப்பில்தான் இயற்கணிதம் வருகிறது. அதுவரை இப்படியே விட்டால் இந்தப் பழக்கம் கெட்டிப்பட்டுவிடும். தராசு ஒன்று வேண்டும்.

ஜூன் 11

தராசு செய்தோம். இரண்டு சிரட்டை, ஒரு மூங்கில் கம்பு, சணல். சிரட்டைக்கு மூன்று மூன்று துளை போடுவதற்குள் எனக்குக் கை வலி. கம்பின் நடுவில் கயிறு கட்டித் தூக்கினால், ஒன்றுமே வைக்காத தராசு இடது பக்கம் சாய்ந்து நின்றது. இரண்டு சிரட்டையும் ஒரே எடை இருக்கும் என்று நினைத்தது என் அறியாமை.

அத்தை முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். "தடை கட்டாம நிறுத்தா எப்படிம்மா சரியா வரும்?" என்றார்கள். அந்தக் காலத்தில் கடைக்குத் தூக்குவாளி கொண்டுபோய் எண்ணெய் வாங்கினால், முதலில் காலி வாளியை ஒரு தட்டில் வைத்து, எதிர்த்தட்டில் கல்லோ மண்ணோ போட்டுச் சமன் செய்வார்களாம். அதுதான் தடை. லேசான சிரட்டையின் அடியில் களிமண்ணை ஒட்டினோம். கம்பு நேரானது. சின்னவன் கைதட்டினான். பெரியவள் மட்டும், "இப்போ ரெண்டு பக்கமும் ஒண்ணுமே இல்ல, அதான் நேரா இருக்கு" என்றாள். பூஜ்யம் = பூஜ்யம். முதல் சமன்பாடு அவளுடையதாகவே இருக்கட்டும்.

ஜூன் 13

எதை வைத்து நிறுப்பது? இதற்கே ஒரு நாள் போனது.

புளியங்கொட்டை வீட்டில் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. ஆனால் ஒன்று பெரிது, ஒன்று சூம்பல். பத்துக்குப் பத்து வைத்தாலும் தராசு ஒத்துக்கொள்ளவில்லை. மஞ்சாடி விதைகள் கிட்டத்தட்ட ஒரே எடை உள்ளவை, தட்டார்கள் பொன் நிறுத்தது அதை வைத்துத்தான். அதையும் போட்டுப் பார்த்தேன். நான்கு சேர்ந்தால்தான் ஏறத்தாழ ஒரு கிராம் வரும். எங்கள் சிரட்டைத் தராசு ஒரு மஞ்சாடிக்கெல்லாம் அசையவில்லை. அத்தையின் பல்லாங்குழிப் பெட்டியில் குன்றிமணியும் கிடந்தது. அதை உடனே எடுத்து அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டேன். பார்க்க அழகு, ஆனால் உள்ளே இருப்பது விஷம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதை வைத்துக் கணக்கு வேண்டாம்.

கடைசியில் கோலிக்குண்டு. அண்ணாச்சி கடையில் ஒரே அளவாகப் பொறுக்கி முப்பது வாங்கினேன். ஒரு கோலிக்கே கம்பு நன்றாகச் சாய்கிறது.

தெரியாத எண்ணாகக் கொஞ்சம் கோலியை மறைத்து வைக்க என்ன பாத்திரம்? அம்பாசமுத்திரத்துக் கடைசல் சொப்பில் மூடி போட்ட பானைகள் இருக்கின்றன. ஆனால் அவையும் ஒன்றுபோல் ஒன்று எடை இல்லை. அத்தை தன் இடுப்பிலிருந்த சுருக்குப் பையைக் காட்டி, "இந்த மாதிரி தச்சுத் தரட்டுமா?" என்றார்கள். பழைய ஜாக்கெட் துணியில் ஆறு பை, சாயங்காலத்துக்குள் தயார்.

ஜூன் 16

இன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

பிள்ளைகள் பார்க்காதபோது இரண்டு பைகளில் ஐந்தைந்து கோலி போட்டு முடிந்தேன். இடது சிரட்டையில் அந்த இரண்டு பையும், வெளியே தெரிகிற மாதிரி மூன்று கோலியும். வலது சிரட்டையில் பதின்மூன்று கோலி, அதோடு பைத்துணிக்குத் தடையாக இரண்டு காலிப் பை. தராசு நேராக நின்றது.

"ரெண்டு பையிலும் ஒரே எண்ணிக்கை. அவிழ்க்காம சொல்லணும்."

சின்னவன் முதலில் பையை அமுக்கிப் பார்த்தான். அதற்கும் தடை போட்டேன் (இது வேறு தடை). பிறகு அவன் இடது பக்கத்து மூன்று கோலியையும் ஒரே அள்ளாக அள்ளினான். வலது சிரட்டை தொப்பென்று இறங்க, அதிலிருந்த கோலியெல்லாம் முற்றத்தைத் தாண்டி வாறுகாலுக்கு உருண்டன. அத்தை சத்தம் போட, நான் சத்தம் போட, பாடம் கால்மணி நேரம் நின்றது. கழுவித் துடைத்து மறுபடி வைத்தோம்.

இந்த முறை பெரியவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்க ஒண்ணு எடுத்தா அங்க ஒண்ணு எடு." ஒன்று, ஒன்று. இன்னொன்று, இன்னொன்று. மூன்றாவதும் போனபின் இடதில் இரண்டு பை மட்டும். வலதில் பத்து. தராசு அசையவில்லை.

அடுத்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூட்டல் கழித்தலிலேயே தேடிக்கொண்டிருந்தாள். சின்னவன்தான், "இந்தப் பைக்கு ஒண்ணு, அந்தப் பைக்கு ஒண்ணு" என்று முறுக்குப் பங்கு வைப்பதுபோலத் தரையில் பிரித்து அடுக்கினான். பைக்கு ஐந்து. அவிழ்த்துப் பார்த்தார்கள். வீடே அதிர்ந்தது.

ராத்திரி அவரிடம் சொன்னேன். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே அளவை எடுத்துவிடுவதற்கு, 1200 வருடத்துக்கு முன் பாக்தாதில் இருந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி 'அல்-முகாபலா' என்று பெயர் வைத்திருந்தார். ஆறு வயதுப் பயல் அதற்கு வாறுகாலில் கோலியைக் கொட்டித்தான் வந்து சேர்ந்தான்.

ஜூன் 19

அவசரப்பட்டுவிட்டேன். மூன்று நாள் தராசு நன்றாகப் போகிறதே என்று சிலேட்டில் 2ப + 3 = 13 என்று எழுதினேன். "ப என்றால் என்ன?"

"பை."

பெரியவள் சொன்னதும் எனக்கு உறைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சிவப்புப் பையில் ஐந்தும் பச்சைப் பையில் இரண்டும் போட்டு வைத்தேன். அவள் அதையும் 2ப என்றே எழுதினாள். இரண்டு பைதானே! அவள் கணக்கில் அது சரி. எழுத்து நிற்பது பைக்கு அல்ல, பைக்குள் இருக்கும் எண்ணுக்கு. பொருளின் முதல் எழுத்தையே எடுத்து வைத்து நானே அவளைக் குழப்பிவிட்டேன். 'மா' என்றால் மாம்பழம் என்று சொல்லிக்கொடுப்பதிலும் இதே வம்பு உண்டு.

அத்தை பக்கத்தில் இருந்தார்கள். பெரியவள் ஆச்சியின் சுருக்குப் பையைத் தட்டி, "இதுக்குள்ள எவ்வளவு இருக்கு ஆச்சி?" என்றாள்.

"எவ்வளவோ இருக்கும், உனக்கு எதுக்குட்டி?"

எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. நம் நாட்டுப் பழைய கணித நூல்களில் தெரியாத எண்ணுக்கு 'யாவத்-தாவத்' என்று பெயர். எவ்வளவோ அவ்வளவு என்று அர்த்தம். ஒன்றுக்கு மேற்பட்ட தெரியாத எண்கள் வந்தால் கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறத்தின் பெயரை வைப்பார்கள். 1150-இல் பாஸ்கரர் எழுதிய நூலில் அப்படித்தான் இருக்கிறது. ஆக எங்கள் வீட்டில் இனி 'ப' கிடையாது. 'எ' தான். எவ்வளவோ. வேறு நிறப் பை வந்தால் அதற்கு வேறு எழுத்து.

சின்னவன் சாப்பாட்டின்போது, "எனக்கு எ தோசை" என்றான். நான்கு தின்றான்.

ஜூன் 24

எதிர்வீட்டு மதினி வந்திருந்தார்கள். "பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம கோலி விளையாட விட்டிருக்கியே" என்றார்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான நிலைகள் உண்டு, பத்தாம் வகுப்புத் தேர்வும் எழுதலாம் என்று நூறாவது முறையாகச் சொன்னேன். காபி குடித்துவிட்டுப் போனார்கள். போகும்போது தராசை ஒருமுறை தூக்கிப் பார்த்தார்கள்.

ஜூன் 27

2எ − 3 = 7. இதைத் தராசில் வைக்க முடியவில்லை. இல்லாத மூன்று கோலியை எப்படி வைப்பது? ஹீலியம் அடைத்த பலூன் கட்டலாமா என்றெல்லாம் யோசித்தேன்.

வழி அண்ணாச்சி கடைப் பற்று நோட்டில் கிடைத்தது. நம் நாட்டுப் பழைய கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-லேயே கழித்தல் எண்ணைக் கடன் என்றுதானே சொன்னார்! ஒரு துண்டுக் காகிதத்தில் சிவப்பு மையால் '3 கடன்' என்று எழுதினேன். தராசை ஓரமாக வைத்துவிட்டு, தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு பையும் கடன் சீட்டும், அந்தப் பக்கம் ஏழு கோலி.

"கடனை அடைக்க என்ன செய்யணும்?"

"மூணு கோலி குடுக்கணும்."

"இந்தப் பக்கம் மட்டும் குடுத்தா?"

"அந்தப் பக்கம் கோவிச்சுக்கும்" என்றான் சின்னவன்.

இரண்டு பக்கமும் மூன்று மூன்று வைத்தார்கள். இந்தப் பக்கம் வைத்த மூன்றும் சீட்டும் ஒன்றையொன்று தின்றுவிட, சீட்டைக் கிழித்தாள். 2எ = 10. குறைந்ததை இப்படி நிரப்பிச் சரிசெய்வதுதான் அல்-ஜபர், அல்ஜீப்ரா என்ற பேரே அதிலிருந்து வந்தது. முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்கும் அரபியில் அதே சொல். இதைக் கேட்டதும் அத்தை, தனக்குக் கை பிசகி எண்ணெய்க் கட்டு போட்ட கதையை ஆரம்பித்துவிட்டார்கள். பாடம் அத்தோடு முடிந்தது.

ஜூலை 2

மூன்று நாளாகச் சாரல். இரண்டு பேருக்கும் சளி. தராசுக் கம்பில் துணி காய்கிறது.

ஜூலை 8

திருநெல்வேலிக்கு ஆனித் தேர் பார்க்கப் போனோம். பாடம் இல்லை.

ஜூலை 13

அவர் குற்றாலத்திலிருந்து பலாப்பழம் வாங்கி வந்தார். பழத்தை வெட்டுவதற்கு முன், காரிநாயனாரின் பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரத்தில் இருக்கும் வழியைச் சொன்னார்: காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் உள்ளே எத்தனை சுளை என்று வந்துவிடும். பெரியவள் உடனே சிலேட்டை எடுத்தாள். பலாவும் ஒரு பெரிய சுருக்குப் பைதானே.

எந்த முள் வரை எண்ணுவது என்பதிலேயே சண்டை. முடிவில் 55 என்று ஒத்துக்கொண்டார்கள். கணக்குப்படி 66 சுளை.

அவர் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உரித்தார். அவள் தாம்பாளத்தில் பத்துப் பத்தாக அடுக்கினாள். 78. "கணக்கு தப்பு" என்றாள். அப்புறம் தம்பியைப் பார்த்தாள். அவன் வாய் மினுமினுத்தது. எத்தனை தின்றாய் என்றால் தெரியாது என்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே சிலேட்டில் 78 + எ என்று எழுதினாள்.

"கொட்டைய எங்கல போட்ட?" என்றார்கள் அத்தை. திண்ணைக்கு அடியில் மூன்று கொட்டை. எ = 3. மொத்தம் 81.

அப்படியானால் முள் எத்தனை இருந்திருக்க வேண்டும்? இதை அவளே கேட்டாள். ஆறால் பெருக்கியதற்கு ஆறால் வகுக்கணும், ஐந்தால் வகுத்ததற்கு ஐந்தால் பெருக்கணும் என்று முணுமுணுத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்தாள். 405-ஐ ஆறால் வகுத்து, 67-க்கு மேல் ஒரு பாதி மிஞ்சியபோது நின்றுவிட்டாள்.

"அரை முள் உண்டாம்மா?"

சின்னவன் அதற்குள் தோலைக் கிளறத் தொடங்கிவிட்டான்.