பக்கத்துத் தோட்டத்துச் சம்பளம்

மலேசியாவில் நான் வேலை பார்க்கும் தனியார் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் சம்பளத்தை மற்ற இடங்களோடு ஒப்பிட ஒரு குழு அமைத்தார்கள். நானும் அதில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்திங்கில் அம்மா வீட்டு மேசையில் அந்தத் தாள்களை விரித்து வைத்திருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தார். “என்னம்மா, பக்கத்துத் தோட்டத்துல எவ்வளவு கொடுக்குறான்னு பார்க்கிறியா?” இருபத்தெட்டு வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர் அவர்.

தோட்டத்தில் சம்பளம் ரகசியமாக இருந்ததில்லை. 1954-இல் உருவான தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், தோட்ட முதலாளிகளின் அமைப்பான மாப்பாவோடு ஒப்பந்தம் போடும். மாப்பாவில் உறுப்பினரான தோட்டங்களுக்கெல்லாம் அதே கணக்குதான். ரப்பர் விலை ஏறினால் எவ்வளவு, இறங்கினால் எவ்வளவு என்று பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்பவர்களுக்குத் தெரியும். அந்தச் சம்பளம் ஒருநாளும் போதவில்லை. ஆனாலும் கணக்கு தெரிந்ததால் அம்மாவால் தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் போய் நின்று கேட்க முடிந்தது.

எங்கள் நியமனக் கடிதத்திலோ சம்பளத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஒரு வரி இருக்கிறது.

குழுவில் முதல் இழுபறியே யாரோடு ஒப்பிடுவது என்பதில்தான். நிர்வாகம் தந்த பட்டியலில் பாதி, டிப்ளோமா வரை மட்டும் நடத்தும் கல்லூரிகள். நாங்கள் முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களையும் வழிநடத்துகிறோம். “நம்மை விட்டுப் போனவர்கள் எங்கே சேர்ந்தார்கள் என்று பாருங்கள், அதுதான் சரியான பட்டியல்” என்றேன். பலர் சேர்ந்தது அரசுப் பல்கலைக்கழகங்களில். அங்கே விரிவுரையாளர்களுக்கு 2024 டிசம்பரில் 8 விழுக்காடு ஏறியது, 2026 ஜனவரிக்கு இன்னொரு 7 என்றும் அறிவித்திருந்தார்கள்.

அதைவிட என்னை உறுத்தியது வேறு ஒன்று. ஆள் கிடைக்காததால் புதிதாக வருபவர்களுக்குச் சந்தை நிலவரப்படி கொடுக்கிறார்கள். பழையவர்களுக்கு வருடாந்திர உயர்வு மட்டும்தான். அதனால் பன்னிரண்டு வருடம் இருந்த ஒரு மூத்த தோழி, தன்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவரைவிட நானூறு வெள்ளி (ரிங்கிட்) குறைவாக வாங்கிக்கொண்டிருந்தார். குழுத் தாள்களில் பெயர் இல்லை, பதவியும் சேர்ந்த ஆண்டும் மட்டும்தான். ஆனாலும் அது அவர்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவரிடம் சொல்லக் கூடாது. அடுத்த நாள் கேண்டீனில் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

அந்த இடைவெளியை முதலில் சரிசெய்யுங்கள், பொது உயர்வு அப்புறம் வரட்டும் என்று அறிக்கையில் எழுதினோம். அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்றார்கள்.

தோழி காத்திருக்கவில்லை. ஓர் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார், பரிந்துரைக் கடிதம் நான்தான் எழுதிக் கொடுத்தேன். போன மாதம் அங்கே போய்விட்டார். அவருடைய இறுதியாண்டு மாணவர்கள் ஆறு பேரில் இரண்டு பேர் இப்போது என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர் எந்த இடத்தில் விட்டாரோ அங்கிருந்து தொடர, அவர் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.