மெயின் சிஸ்டத்தில் யார் உட்காருவது?

"பத்து சிஸ்டந்தானுங்கண்ணா, அதுக்கெதுக்குங்க சர்வர்?" திருப்பூரில் சின்னச் சின்ன பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் போட்டுக் கொடுக்கும் எனக்கு இந்தக் கேள்வி வராத இடமே இல்லை. கேட்பதில் நியாயம் இருக்கிறது. நூல் வரவு, நிட்டிங்குக்கும் சாயப்பட்டறைக்கும் போன சலான், டெய்லர்களின் பீஸ் ரேட் எல்லாம் சேர்ந்தாலும் சில ஜிபிதான் வரும். இலவசமாகக் கிடைக்கும் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் 2022, ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி வரை இடம் தருகிறது. சாதாரண டெஸ்க்டாப்புக்கான விண்டோஸ் 11 ப்ரோவிலும் அது ஓடும், சர்வருக்கென்றே வரும் விண்டோஸ் சர்வரிலும் ஓடும்.

அதனால் நான் அளவைப் பார்ப்பதில்லை. தரவுத்தளம் இருக்கும், மற்ற சிஸ்டங்கள் எல்லாம் இணையும் அந்த மெயின் சிஸ்டத்தின் முன்னால் யாராவது உட்கார்ந்து வேலை செய்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பேன். டெஸ்க்டாப் விண்டோஸ், திரைக்கு முன்னால் இருப்பவரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அவர் திறந்து வைத்திருக்கும் எக்செல்லுக்கு ப்ராசஸர் நேரம் கூடுதலாகப் போகும். சர்வர் பதிப்பில் அந்தச் சலுகை இல்லை. பின்னணியில் ஓடும் தரவுத்தளத்துக்கும் நீளமான, சமமான பங்கு கிடைக்கும். இதை டெஸ்க்டாப்பிலும் மாற்றி வைக்கலாம், ஸ்லீப் போகாமல் நிறுத்தலாம். ஆனால் மனிதர் எழுந்து போகும்போது ஷட் டவுன் கொடுத்தால்? சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம் போடும் நேரத்தில் அப்படி நடந்தால் மொத்தக் கம்பெனியும் காத்து நிற்கும். உழைத்தவர்களை அப்படி நிற்க வைக்க எனக்கு மனசு வராது.

அப்டேட் இன்னொரு விஷயம். தானாக ரீஸ்டார்ட் ஆகக் கூடாத நேரம் என்று டெஸ்க்டாப்பில் அதிகபட்சம் 18 மணி நேரம்தான் குறிக்க முடியும். இருபத்துநாலு மணி நேரமும் மெஷின் ஓடும் நிட்டிங் யூனிட்டுக்கு இது போதாது.

எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. விண்டோஸ் ப்ரோ உரிமப்படி அந்த சிஸ்டத்தோடு வேறு 20 கருவிகள்தான் இணையலாம். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட் பதிப்பில் அந்தத் தடை இல்லை, ஆனால் ஒவ்வொரு ஆளுக்கோ கருவிக்கோ தனி அணுகல் உரிமம் வாங்க வேண்டும். சின்னக் கம்பெனிக்கு அது கனமான செலவு.

ஆகவே பத்துப் பேர் வரை, பகல் வேலை மட்டும் என்றால், விண்டோஸ் ப்ரோ போட்ட தனி சிஸ்டம் போதும் என்பேன். மானிட்டரைக் கழற்றி, யூபிஎஸ்ஸோடு ஆள் புழங்காத ஓரத்தில் வைத்துவிட வேண்டும். இரவு ஷிப்ட் உண்டு, ஆட்களும் கூடுவார்கள் என்றால் டெபியன் என்ற லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம். உரிமச் செலவு இல்லை, ரீஸ்டார்ட் எப்போது என்பதும் நம் கையில். ஆனால் கூப்பிட்டால் வந்து பார்க்க லினக்ஸ் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாத ஊரில் நான் அதைச் சொல்வதில்லை.

எதைப் போட்டாலும் பேக்கப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும். எக்ஸ்பிரஸில் வேலைகளை நேரம் வைத்து ஓட்டும் ஏஜென்ட் கிடையாது. அதனால் விண்டோஸிலேயே இருக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் இரவு பேக்கப்பை நானே எழுதி வைத்து, அந்தக் கோப்பு வேறொரு சிஸ்டத்தில் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கிளம்புவேன்.