வாசலில் நின்றவனுக்குக் கமிஷன்

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைக்கு ஆள் கூட்டி வரும் ஆட்டோக்காரருக்குக் கடைக்காரர் கமிஷன் தருவது ஊரறிந்த விஷயம். அஃபிலியேட் மார்க்கெட்டிங்கும் அதேதான் என்று நினைத்து 2022-இல் இறங்கினேன். என்னுடையது சென்னிமலை பெட்ஷீட், துண்டு விற்கும் சின்ன இணையக் கடை. யாராவது தன் பிளாக்கிலோ யூடியூபிலோ எங்கள் லிங்கைப் போட்டு, அதன் வழியாக விற்றால் 8 சதவீதம். விற்றால்தானே கொடுக்கப் போகிறோம், இதில் நஷ்டம் எங்கிருந்து வரும்?

அடுத்த ஆடியில் வந்தது. அந்த மாதம் அஃபிலியேட் வழியாக வந்த விற்பனை இரண்டு மடங்கு. மொத்த விற்பனையோ முந்தைய ஆடியில் இருந்த அதே இடத்தில். கமிஷன் பட்டியலில் முதல் ஆள் ஒரு கூப்பன் தளம். ஒரு ராத்திரி உட்கார்ந்து அவர்கள் கணக்கில் ஏறிய ஆர்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்று இன்னும் நினைவில் நிற்கிறது. 9.12-க்கு கார்ட்டில் இரண்டு பெட்ஷீட். 9.31-க்கு பணம் கட்டும் பக்கம். 9.33-க்கு கூப்பன் தளத்தின் லிங்க். 9.34-க்கு ஜிபேயில் பணம் வந்துவிட்டது. வாங்கியவர் கோபிச்செட்டிபாளையத்து டீச்சர் ஒருவர், எங்கள் பழைய வாடிக்கையாளர். மறுநாள் கூப்பிட்டு, எந்த விளம்பரம் பார்த்து வந்தீர்கள் என்று கேட்டேன்.

“விளம்பரமா? எந்த விளம்பரமுங்க தம்பி? கடை ஆரம்பிச்சதுல இருந்து உங்ககிட்டத்தானே வாங்கறேன். கூப்பன் கோடு போடச் சொல்லி ஒரு பெட்டி இருந்துச்சு, அதான் கூகுள்ல தேடினேன். அதுவும் வேலை செய்யலைங்க.”

எப்படி வேலை செய்யும்? அப்படி ஒரு கூப்பன் கோடை நாங்கள் வெளியிடவே இல்லை. ‘கூப்பன் கோடைக் காட்டு’ என்ற பொத்தானை அவர் அழுத்தியதும், யாருடைய லிங்க் வழியாக வந்தார் என்று பிரவுசரில் பதிந்து வைக்கும் குறிப்பான குக்கீ இறங்கிவிட்டது. கடைக்கும் லிங்க் போடுபவர்களுக்கும் நடுவில் நின்று கணக்குப் பார்க்கும் நிறுவனங்கள்தான் நெட்வொர்க்குகள். கடைசியாகத் தொட்ட லிங்குக்கே கமிஷன் என்பதுதான் அவற்றில் பெரும்பாலானவற்றின் வழக்கம். 850 ரூபாய் பெட்ஷீட்டுக்குக் கமிஷன் 68, அதன்மேல் நெட்வொர்க்குக்கு 20 சொச்சம். எனக்கு நிற்பதே 190. கடைக்குள் தானாக நடந்து வந்தவரின் தோளில் வாசலில் வைத்துக் கையைப் போட்டு, ‘நான்தான் கூட்டி வந்தேன்’ என்று ஒருவன் சொல்ல, நானும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தப் பெட்டியை எடுத்துவிட்டேன். கோடு வைத்திருப்பவர்கள் மட்டும் தட்டிப் பார்க்கும்படி பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. மறுமாதம் அந்தத் தளத்தின் கணக்கு பாதியாகியது. என் விற்பனை குறையவில்லை.

பெரிய கடைகளே ஏமாந்த கதை உண்டு. ஈபேயின் முதலிடத்து அஃபிலியேட்டாக இருந்த ஷான் ஹோகன் சுமார் 2 கோடியே 80 லட்சம் டாலர் கமிஷன் வாங்கியவர். பக்கத்தைப் பார்ப்பவருக்கே தெரியாமல் குக்கீயை இறக்கி வைக்கிற வேலை. 2008-இல் ஈபே வழக்குப் போட்டது. 2014-இல் அவருக்குக் கிடைத்தது 5 மாதச் சிறை.

இன்னொரு வித்தை என் மச்சான் கண்ணில் பட்டது. சென்னையிலிருந்து கூப்பிட்டு, “கூகுள்ல உங்க கடைப் பேரைப் போட்டா மேல விளம்பரம் வருதே, நீங்களா போட்டீங்க?” என்றார். ஈரோட்டில் நான் தேடினால் ஒன்றும் வரவில்லை. எங்களைத் தேடி வருகிறவர்களையே தன் லிங்க் வழியாக அனுப்பிக் கமிஷன் வாங்க, ஓர் அஃபிலியேட் எங்கள் பெயரிலேயே விளம்பரம் எடுத்து, எங்கள் ஊரை மட்டும் விலக்கி வைத்திருந்தார்! திறமைசாலிதான். இப்போது ஒப்பந்தத்தில் அதற்கென்றே ஒரு வரி இருக்கிறது. மாதம் ஒருமுறை மதுரை, சென்னை, பெங்களூரு சொந்தக்காரர்களைத் தேடிப் பார்க்கச் சொல்கிறேன்.

கேஷ் ஆன் டெலிவரியில் தானே ஆர்டர் போட்டுக் கமிஷன் வாங்கிக்கொண்டு பார்சலைத் திருப்பி அனுப்பியவரும் உண்டு. போக வரக் கூரியர் செலவு என் தலையில். அதற்குப் பிறகு, பொருள் கைக்குப் போய், திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்து, 45 நாள் கழித்துத்தான் கமிஷன். இதற்குச் சிலர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். சரி, போகட்டும்.

எனக்கு உறுத்தியது வேறு. திருநெல்வேலியில் ஓர் அக்கா வீட்டுக்குறிப்பு பிளாக் எழுதுகிறார். எங்கள் பெட்ஷீட்டை மூன்று முறை துவைத்து, சாயம் போகிறதா என்று படம் எடுத்துப் போட்டவர். அவர் லிங்கில் ஆரம்பித்த 31 ஆர்டர்களில் 22 கடைசியில் கூப்பன் தளத்தின் கணக்கில் ஏறியிருந்தன. ‘இந்த லிங்கெல்லாம் ஒண்ணும் பிரயோஜனம் இல்ல போல’ என்று அவர் ஒருமுறை எழுதியதற்கு, பொறுமையாக இருங்கள் என்று பதில் போட்டவன் நான். விட்டுப்போன கமிஷனைக் கணக்குப் பார்த்து அனுப்பி வைத்தேன். அவருக்கு இப்போது 12 சதவீதம். கூப்பன் தளங்களுக்கு 2.

பிரவுசரில் உட்கார்ந்துகொண்டு, பணம் கட்டும் பக்கம் வந்ததும் தானே லிங்கைத் தட்டிவிடும் எக்ஸ்டென்ஷன்களுக்குத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை. கிளிக்குக்கும் பணத்துக்கும் நடுவே சில விநாடிகளே இருக்கும் ஆர்டர்கள் இந்த மாதம் மட்டும் 14. பட்டியல் போட்டு நெட்வொர்க்குக்கு அனுப்பியிருக்கிறேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று இரண்டு முறை பதில் வந்துவிட்டது.