மஞ்சளில் குனி, நீலத்தில் அமுக்கு

பம்ப் டிராக் கட்டப்போகிறோம் என்று சொன்னதும் ஜேசிபி ஓட்டுநர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை எச்.பி. மோட்டாருங்க?” கோவைக்காரருக்கு பம்ப் என்றால் வேறென்ன தோன்றும்! பெடலை மிதிக்காமல், உடம்பை ஏற்றி இறக்கியே சைக்கிளை ஓடவைக்கிற மேடுபள்ளத் தடம் என்று விளக்கினேன். “அப்ப ரெண்டு மேடு, ரெண்டு பள்ளம், அவ்ளோதானுங்களே” என்றார். நானும் அப்போது அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சூலூர் பக்கம் எங்கள் குடியிருப்பில் 36 வீடுகள். சங்கத்துக்குச் சொந்தமான மூலை மனை ஒன்று, 60 அடிக்கு 40 அடி, பார்த்தீனியம் மண்டிக் கிடந்தது. கூட்டத்தில் பேச்சை எடுத்தபோது, இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று ஒரு பெரியவர் கேட்டார். 2019இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இதற்கு உலகச் சாம்பியன்ஷிப்பே நடந்திருக்கிறது என்றேன். அவர் அசரவில்லை. ஸ்கெட்ச் பேனாவால் என் மகள் வரைந்து வைத்திருந்த படம்தான் காரியத்தைச் சாதித்தது. எந்த மேட்டுக்கு எந்த நிறம் என்று ஒரு மணி நேரம் சண்டை. மண்ணைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு 4,000 ரூபாய் என்று முடிவானது.

எங்கள் மனை கரிசல். கோடையில் வெடிப்புக்குள் கை போகும், மழையில் ஊதிக்கொண்டு மேலே வரும். அதன் மேல் எதைக் கட்டினாலும் உடையும் என்று கொத்தனார் சொன்னதால், தடம் வரும் இடத்தில் மட்டும் ஒன்றரை அடி தோண்டி எடுத்துவிட்டு, கிராவல் கலந்த செம்மண் ஏழு டிப்பர் அடித்தோம். ஒரு டிப்பருக்கு மூன்று யூனிட், அதாவது முந்நூறு கன அடி. அதை அரை அடி அரை அடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க கொத்தனார் ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கி உருண்டையாக்கி, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுவார். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் இடிக்கலாம். பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் போதாது. அப்பளமாய் அப்பிக்கொண்டால் நாளைக்குப் பார்க்கலாம், வீட்டுக்குப் போங்க தம்பி.

மேடுகளில்தான் முதலில் சறுக்கினேன். நெருக்கமாக, ஓர் அடி உயரத்தில், ஐந்தடிக்கு ஒன்றாக வைத்துவிட்டேன். “என்னங்க தம்பி, வேகத்தடைய வரிசையா வெச்சிருக்கீங்க?” என்று கொத்தனார் கேட்டார். ஓட்டிப் பார்த்ததும் அவர் சொன்னது புரிந்தது. பின்சக்கரம் ஒரு மேட்டைவிட்டு இறங்குவதற்குள் முன்சக்கரம் அடுத்ததில் முட்டியது. செயின் கவர் உச்சியில் உரசி ஒரு வண்டிக்குக் கழன்றே போனது. உயரம் ஒரு பங்கு என்றால் உச்சிக்கு உச்சி இடைவெளி பத்துப் பங்கு இருக்க வேண்டும் என்பது இந்தத் தடங்களுக்குப் பொதுவான கணக்கு. அதைத் தேடிப் படித்தது அன்று இரவுதான். அப்புறம் எல்லாவற்றையும் கலைத்து முக்கால் அடி உயரம், எட்டடி இடைவெளி, பக்கத்துக்கு மூன்று மேடு என்று மாற்றினோம். வளைவை அளக்க பழைய பிளைவுட்டை வில் மாதிரி அறுத்து ஒவ்வொரு மேட்டிலும் வைத்துப் பார்த்தோம். மூன்று நாள் கூலி வீண்.

இரண்டு முனையிலும் திருப்பம். வெளிப்பக்கம் மூன்றடி உயரத்துக்குச் சாய்த்துக் கட்டினால்தான் வண்டி வேகம் குறையாமல் திரும்பும். பிள்ளைகள் அதற்கு ‘மரணக் கிணறு’ என்று பெயர் வைத்தார்கள். அம்மாக்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் இப்போது வெறும் கிணறு.

மேலே கோழி வலை விரித்து இரண்டங்குலக் கான்கிரீட். சிமெண்ட் 32 மூட்டை. வழுவழுப்பாக விடாமல் ஈரத்திலேயே துடைப்பத்தால் கோடு இழுத்தோம். பத்து நாள் நனைந்த சாக்கு. இதெல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பெயிண்ட்டில்தான் அவசரப்பட்டோம். கான்கிரீட் போட்டுப் பதினைந்தாம் நாளே, ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் லீவு என்று, பிரஷ்ஷை எடுத்துவிட்டோம். ஒரே மாதத்தில் உப்புப் பூத்து, வண்ணம் பொரிந்து, தகடு தகடாக வந்தது. குறைந்தது 28 நாள் காய விட்டிருக்க வேண்டும். சுரண்டி எடுத்து மறுபடி அடித்தபோது, பெயிண்ட் ஈரமாக இருக்கையிலேயே சலித்த மணலைத் தூவினோம். டயர் வழுக்காது.

இரண்டாம் முறை நிறத்தையும் மாற்றினோம். முதலில் அடித்த கருநீலத்தில் மதியம் மூன்று மணிக்கு வெறுங்காலை வைத்தால் துள்ள வேண்டியிருந்தது. மஞ்சள் பரவாயில்லை. அதனால் வெளிர் நீலம். அதோடு, ஏறுமுகம் முழுக்க மஞ்சள், இறங்குமுகம் முழுக்க நீலம் என்று என் மகள் யோசனை சொன்னாள். ஊஞ்சலில் நின்று உந்துவது மாதிரிதான் இதுவும். ஏறும்போது கைகால் மடங்கி உடம்பு லேசாக வேண்டும், இறங்கும்போது நீட்டி அமுக்க வேண்டும். புதிதாக வரும் பிள்ளைக்கு இதை வாயால் எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. இப்போது ஓரத்தில் நிற்கிற வாண்டுகள் “மஞ்சள், குனி! நீலம், அமுக்கு!” என்று கத்துகிறார்கள். முன்கூடை வைத்த சைக்கிளில் வந்த எட்டு வயதுப் பெண் ஒருத்தி மூன்றாவது நாளே 40 மீட்டர் சுற்றை ஒரு மிதிகூட இல்லாமல் முடித்தாள். கூடையில் தண்ணீர் பாட்டில் கடகடவென்று ஆடிய சத்தம்தான் கேட்டது.

கட்டப்போகிறவர்களுக்கு ஒன்று: தண்ணீர் போக வழியை முதலில் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. சுற்றிலும் மேடு கட்டினால் நடுவில் கிண்ணம்தானே? ஐப்பசி மழையில் அது குளமாகி, தவளை கத்த ஆரம்பித்தது. ஒரு மேட்டை அறுத்து நாலங்குல பிவிசி குழாய் பதித்து மூடினோம். ஒட்டுப்போட்டது இன்னும் தெரிகிறது.

மொத்தச் செலவு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் சொச்சம். வெயில் காலத்தில் நாலு மணி வரை யாரும் ஓட்டுவதில்லை, அதுவரை கிணற்றுச் சரிவில் மிளகாய் காய்கிறது. மிளகாய் எடுத்த பிறகு நன்றாகப் பெருக்க வேண்டும், ஒரு தடவை விழுந்து எழுந்த பையன் கண்ணைக் கசக்கிவிட்டான்.

கிழக்குத் திருப்பத்தில் முடி மாதிரி ஒரு விரிசல் வந்திருக்கிறது. கீழே கரிசல் கொஞ்சம் மிச்சம் இருக்கும் போல. அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். சனிக்கிழமைதோறும் போய்ப் பார்க்கிறேன்.