இரண்டு வெள்ளிக்காசும் பக்கத்து வயலும்

"நீங்கள் அனுப்பிய இரண்டு புள்ளிகளும் வேலிக்கு அந்தப் பக்கம் விழுகின்றன. அந்த நிலத்துக்கும் அனுமதி வாங்கியிருக்கிறீர்களா?" மெட்டல் டிடெக்டரால் நான் கண்டெடுத்த இரண்டு காசுகளின் இடத்தைப் பற்றி எங்கள் மாவட்ட எஃப்.எல்.ஓ. (ஃபைண்ட்ஸ் லயசன் ஆபீசர், இப்படிக் கிடைக்கும் பழம்பொருள்களைப் பதிவு செய்பவர்) அம்மா அனுப்பிய மெயிலில் இருந்தது இவ்வளவுதான். மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். ஆனாலும் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

இங்கே இங்கிலாந்தின் கென்டில் நான் டிடெக்டர் பிடித்து நடக்க எழுத்தில் அனுமதி தந்திருப்பவர் ஒரே ஒரு பண்ணைக்காரர். கிடைப்பதில் ஆளுக்குப் பாதி என்று கையெழுத்துப் போட்ட தாளும் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கத்து நிலம் வேறொருவருடையது. டிடெக்டர்காரன் என்றாலே அவருக்கு ஆகாது. ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு வந்து தோண்டிவிட்டுக் குழியை மூடாமலே ஓடிய கூட்டத்தால் அவர் பட்ட பாடு அப்படி. அந்த மனிதரின் வயலில் நான் காசு எடுத்ததாகப் பதிவானால் திருட்டு, அத்துமீறல் என்று பேச்சு எங்கெங்கோ போகும்.

கிடைத்தவை இரண்டு. ஒன்று இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் வெள்ளிப் பென்னி. பின்பக்கம் நீளச் சிலுவை, ஒவ்வொரு கால்பாகத்திலும் மும்மூன்று புள்ளி, சுற்றிலும் 'சிவிடாஸ் கான்டர்', அதாவது கான்டர்பரியில் அடித்தது. மற்றது அரைக்காசு. அந்தக் காலத்தில் சில்லறைக்காகச் சிலுவைக் கோட்டின் மேலேயே பென்னியை இரண்டாக வெட்டிவிடுவார்கள், அதில் ஒரு பாதி. தேய்ந்துபோயிருந்தாலும் சிலுவை இரட்டைக் கோடாகத் தெரிந்ததால் எட்வர்டுக்கு முந்தைய மன்னர் மூன்றாம் ஹென்றி காலத்தது என்று ஊகித்தேன். ஊகம் சட்டத்துக்குப் போதாது. 300 வருஷத்துக்கு மேற்பட்ட, பத்து சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ கலந்த காசுகள் ஒரே கண்டுபிடிப்பிலிருந்து இரண்டு கிடைத்தாலே 1996 சட்டப்படி அது 'டிரெஷர்', அதாவது புதையல். 14 நாளுக்குள் கரோனருக்கு (புதையலா என்று விசாரிக்கும் அதிகாரி) சொல்லியாக வேண்டும். நடைமுறையில் எஃப்.எல்.ஓ.விடம் சொன்னால் அவர் மூலமாகப் போகும். சொன்னேன். படம், எடை, விட்டம், பண்ணைக்காரர் விவரம் எல்லாம் ஒரே மூச்சில் முடிந்தது. இடத்தைக் கேட்டார், செயலியிலிருந்து எக்ஸ்போர்ட் செய்து அனுப்பினேன். அங்கேதான் சனி பிடித்தது.

செயலியின் பெயர் வேண்டாம். குழியருகே நின்று பொத்தானை அமுக்கினால் தேதி, படம், இடம் எல்லாம் தானே ஏறிவிடும், அந்தச் சவுகரியத்துக்காகத்தான் காசு கொடுத்து வாங்கியது. கைபேசித் திரையில் புள்ளிகள் சரியான வயலில்தான் நின்றன. எக்ஸ்போர்ட் செய்த கோப்பில் இரண்டு கோளாறு. முதலாவது, கைபேசி பேசுவது ஜி.பி.எஸ்.ஸின் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற உலகக் கணக்கு, பிரிட்டனின் அரசு வரைபட அமைப்பான ஆர்டனன்ஸ் சர்வேயின் வரைபடம் ஓடுவது 1936 அளவீட்டில். இடையில் முறையாக மாற்றாமல் அதே அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே கட்டத்தில் போட்டால், தென்கிழக்கு இங்கிலாந்தில் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் மேற்கே போய் உட்காரும். கிரீனிச் வானாய்வகத்தில் பூஜ்ஜியக் கோட்டின் மேல் நின்று போனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பூஜ்ஜியம் அங்கே காட்டாது, 102 மீட்டர் கிழக்கே நடந்து பூங்காவுக்குள் போக வேண்டும். அதே ரகம்தான் இதுவும். என் நிலத்தின் மேற்கு எல்லைதான் அந்த வேலி.

இரண்டாவது கோளாறு இன்னும் மோசம். வரைபடத்தில் இடத்தைச் சொல்லும் எட்டு இலக்கக் கட்ட எண்ணை ஆறு இலக்கமாகக் கத்தரித்திருந்தது. எட்டு இலக்கம் என்றால் பத்து மீட்டர்க் கட்டம், ஆறு என்றால் நூறு மீட்டர்க் கட்டம். தனித்தனி இடத்தில் எடுத்த இரண்டு காசுக்கும் ஒரே எண். காகிதத்தில் பார்க்கிறவருக்கு, அடுத்தவர் நிலத்தில் ஒரே இடத்திலிருந்து இரண்டு வெள்ளிக்காசு. அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியுமா?

செயலிக்காரர்களுக்கு எழுதினேன். "அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள்" என்று பதில். அழித்திருந்தால் கைபேசியில் இருந்த மூலப் பதிவும் போயிருக்கும்! இன்னொரு முறை விளக்கி எழுதினேன், அதே பதில், வேறு பெயரில் கையெழுத்து.

இந்த நாட்டில் இதெல்லாம் விளையாட்டில்லை. 2015இல் லெம்ஸ்டர் பக்கம் வைக்கிங் காலப் புதையலை எடுத்துச் சொல்லாமல் அமுக்கிய இருவருக்கு 2019இல் பத்து வருஷமும் எட்டரை வருஷமும் சிறை விதித்தார்கள். மேல்முறையீட்டில் பிறகு குறைந்தது. அவர்களை மாட்டிவிட்டவற்றில் ஒன்று கைபேசியிலிருந்து அழித்த படங்கள். போலீஸ் மீட்டெடுத்துவிட்டது. என்னைக் காப்பாற்றியதும் கைபேசிப் படம்தான், நேர்மாறான வகையில்.

குழிக்குப் பக்கத்தில் காசை வைத்து நான் எடுக்கும் படத்துக்குள் கேமராவே இடத்தை எழுதி வைத்திருக்கும். எட்வர்ட் காசின் படத்திலிருந்து அந்த எண்களை எடுத்து, ஆர்டனன்ஸ் சர்வேயின் சொந்த மாற்றியில் போட்டேன். புள்ளி வேலிக்கு இந்தப் பக்கம், சமர்த்தாக நம் பண்ணைக்காரர் நிலத்தில். அரைக்காசுக்குத்தான் சிக்கல். அன்று என் கை முழுக்கச் சேறு. கூட வந்த நண்பர் அவர் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடத் தகவலை உரித்துவிடும். அவரோ அதற்குள் போனை மாற்றிவிட்டார். பழைய கிளவுட் கணக்கின் கடவுச்சொல் அவருடைய தம்பிக்கு மட்டும்தான் தெரியும், தம்பி கனடாவில். நடு ராத்திரி ஒரு வழியாக மூலப் படம் வந்தது. பார்த்தால் இரண்டு குழிக்கும் நடுவில் நாற்பது மீட்டருக்குக் குறையாத தூரம்! என் நோட்டிலும் 'கேட்டிலிருந்து மின்கம்பத்தை நோக்கி இத்தனை தப்படி' என்று பென்சிலில் இருந்தது. அந்தப் பக்கத்தையும் படமெடுத்துச் சேர்த்து அனுப்பினேன்.

இதற்கிடையில் ஒரு வெட்டிப் பயணம். காசுகளை நேரில் காட்ட அருங்காட்சியகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனால், அன்றைக்கு எஃப்.எல்.ஓ. வேறு ஊரில், ரத்தானது எனக்குச் சொல்லப்படவில்லை. முன்மேசையில் இருந்தவர், "உறையில் போட்டு வைத்துவிட்டுப் போங்கள், சேர்த்துவிடுகிறோம்" என்றார். ரசீது கேட்டேன். "அதெல்லாம் வழக்கமில்லை" என்றார். காசைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் எஃப்.எல்.ஓ.வே நேரில் வாங்கியபோது, எதை, எப்போது, யாரிடமிருந்து என்று எழுதிய ரசீதைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் காசைத் தொட்டார். ரசீது இல்லாமல் ஒரு பொத்தானைக்கூட யாரிடமும் விடாதீர்கள்.

முடிவு எனக்குச் சாதகம். 1279இல் எட்வர்ட் புதுக்காசு அடிக்கத் தொடங்கியதும் ஹென்றியின் பழைய காசுகள் செல்லாமல் போயின. இரண்டும் ஒரே சுருக்குப்பையில் கிடந்திருக்க வாய்ப்பு குறைவு, தூரமும் அதையே சொல்கிறது, எனவே தனித்தனியாகத் தவறவிட்டவை, டிரெஷர் இல்லை. 'கென்ட்' என்று தொடங்கும் எண்ணோடு இரண்டும் பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருள்களைப் பதியும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் தரவுத்தளத்தில் ஏறிவிட்டன. பொதுமக்கள் பார்க்கும் பக்கத்தில் ஒரு கிலோமீட்டர்க் கட்டத்துக்கு மேல் துல்லியம் காட்ட மாட்டார்கள். அதைச் சொன்ன பிறகுதான் எங்கள் பண்ணைக்காரர் மூச்சு விட்டார். ஊரே மண்வெட்டியோடு வந்துவிடும் என்று பயந்திருந்தார் மனிதர்.

புதிதாக இறங்குகிறவர்களுக்குச் சில விஷயம். எந்தச் செயலி வைத்திருந்தாலும் இன்றைக்கே ஒரு எக்ஸ்போர்ட் எடுத்து, உங்கள் வீட்டு வாசலில் குறித்த புள்ளி வீட்டு வாசலிலேயே விழுகிறதா பாருங்கள். கட்ட எண்ணின் முன்னால் வரும் இரண்டு எழுத்தை விடாதீர்கள். எங்கள் பக்கம் டி.ஆர்., டி.க்யூ. அது இல்லாவிட்டால் அதே எண் நூறு நூறு கிலோமீட்டருக்கு ஒன்றாக நாடு முழுக்க வரும். பாலிதீன் பையின் மேல் எழுதும் மார்க்கர் மை ஈரத்தில் அழியும். உள்ளே ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எண், தேதி, ஆழம் எழுதிப் போடுங்கள். கழுவுகிறேன் பேர்வழி என்று வினிகர், பல்துலக்கும் பிரஷ் பக்கமே போகாதீர்கள். காசின் மேல்தோல் போனால் எழுத்தும் போச்சு. உதவாத ஈயத்துண்டு, மஸ்கெட் (பழைய துப்பாக்கி) குண்டு என்று நினைப்பதையும் குறித்து வையுங்கள். குண்டுகள் ஒரு மூலையில் குவிந்தால் அதற்கே ஒரு கதை இருக்கும்.

ஊருக்கு டிடெக்டர் கொண்டுவரச் சொல்லும் கரூர் நண்பர்களுக்கு: அமராவதி மணலில் ரோமானியக் காசு கிடைத்ததெல்லாம் உண்மைதான். ஆனால் நம் நாட்டில் 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்னை இதில் இழுக்காதீர்கள்.

செயலியில் பழைய பருவங்களின் பதிவு இன்னும் மிச்சமிருக்கிறது. ஒவ்வொரு படமாகத் திறந்து, எண்ணை மாற்றியில் போட்டு, எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பித்தான்களில் பாதி முடிந்தது. அடுத்த வாரம் பக்கிள்கள்.