மைனஸ் 112

மே 8, வியாழன்

போன்ல நாலு கோடு டவர் காட்டுது. ஜிஎஸ்டி பக்கம் மட்டும் திறக்க மாட்டேங்குது.

கோட்டை நம்பி ஒரு வேலையும் ஆகாது. எத்தனைக்கு எத்தனை கோடுன்னு ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வரையுது. நெசமான எண் உள்ளே கிடக்கு: அமைப்புகள், போனைப் பற்றி, சிம் நிலை, சிக்னல் வலிமை. டிபிஎம்-னு ஒரு மைனஸ் எண் வரும். 4ஜியில மைனஸ் 80 பக்கத்துல இருந்தா கவலையே இல்ல. 90-ல இருந்து 100 வரைக்கும் வேலை ஓடும். 110-ஐத் தாண்டினா இறங்குறது எப்படியோ இறங்கும், ஏத்துறது ஏறாது. டவருக்கு இருக்கற பவர் போனுக்கு ஏது. நாலு எண்ணெய் மில்லுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடறவனுக்கு ஏத்துறதுதான் முக்கியம்.

வீட்டைச் சுத்திக் குறிச்சது: ஆசாரம் (கூடம்) 112. சமையக்கட்டு 114. பொடக்காணி (கொல்லை) 108. வாசத் திண்ணை 104. அட்டாலி (மேல் பரண்) வடக்கு ஜன்னல் 97. தேங்காக் களத்து மேடு 91, ஆனா கத்திரி வெயில்ல அங்க எவன் உக்கார்றது. (எல்லாத்துக்கும் முன்னாடி மைனஸ் போட்டுக்கங்க.) ஒவ்வொரு இடத்துலயும் சித்த நேரம் நின்னு பாக்கோணும், எண் உடனே மாறாது.

112-க்கும் 97-க்கும் பதினஞ்சுதானேன்னு தோணும். டெசிபல் கணக்குல பத்துன்னா பத்து மடங்கு, பதினஞ்சுன்னா முப்பது மடங்குக்கும் மேல. ரெண்டடி மண் சுவரு அத்தனையும் தின்னுட்டு நிக்குது.

மே 9, வெள்ளி

போன் அட்டாலி ஜன்னல்ல. லேப்டாப் கீழ ஆசாரத்துல, நோயாளி கட்டிலுக்குப் பக்கத்துல. அங்கிருந்து நகர முடியாது.

நிறையப் பேரு போனை லேப்டாப் மேலயே வெச்சுக்கறாங்க. வைஃபை ஜம்முனு இருக்கும், அதுக்குப் பின்னாடி இன்டர்நெட்டே இருக்காது. டவருக்கும் போனுக்கும் நடுவுல கிலோமீட்டர் கணக்கு. போனுக்கும் லேப்டாப்புக்கும் பத்து மீட்டர் கூட இல்ல. எது நீளப் பாதையோ அதுக்குத்தான் போனை வைக்கோணும். சின்னப் பாதையை வைஃபை பாத்துக்கும்.

ஹாட்ஸ்பாட் அமைப்புல மாத்தினது: பேண்ட் 2.4 ஜிகாஹெர்ட்ஸ். 5 வேகந்தான், ஆனா சுவருக்கும் பலகைத் தளத்துக்கும் அடங்கிப் போயிடும். டவர்ல இருந்தே நொடிக்கு 6 மெகாபிட்டுதான் வர்ற இடத்துல 5 ஜிகாஹெர்ட்ஸ் வெச்சு என்ன பண்ண. பழைய பிரிண்டரும் 2.4 மட்டுந்தான் பாக்கும். ஐபோன்னா (12-ம் அதுக்குப் பொறவு வந்ததும்) 'மேக்சிமைஸ் காம்பாட்டிபிலிட்டி'யை ஆன் பண்ணினா அதுவும் 2.4-க்கு வந்துடும்.

பாதுகாப்பு டபிள்யூபிஏ2. டபிள்யூபிஏ3 மட்டும்னு வெச்சா பழைய லேப்டாப்புல ஒட்டவே ஒட்டாது, ஏன்னும் சொல்லாது. 'தானாக அணை'யை ஆஃப் பண்ணியாச்சு. இல்லீன்னா லேப்டாப் தூங்கின சித்த நேரத்துல ஹாட்ஸ்பாட்டும் அணைஞ்சிடும், மறுபடி அட்டாலி ஏறோணும். டேட்டா சேவர் ஆன்ல இருந்தா ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டையே தொட விடாது. பொத்தான் மங்கிக் கிடந்தா மொதல்ல அதைப் பாக்கோணும்.

கட்டில்ல இருக்கறவங்களுக்கு ஆக்சிஜன் 94.

மே 10, சனி

கேபிள்காரர் திங்கக்கிழமை வர்றாராம்.

மே 11, ஞாயிறு

ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு ரிட்டர்ன்) கடைசி நாள். காலையில பத்து மணிக்கெல்லாம் 2 ஜிபி காலி. ஒரு வீடியோ கூட ஓடல.

தின்னது விண்டோஸ் அப்டேட், ஒன்டிரைவ். லேப்டாப்புக்கு வைஃபைன்னா வைஃபைதான், பின்னாடி இருக்கறது ஃபைபரா தினம் 2 ஜிபி சிம்மான்னு தெரியாது. நாமதான் சொல்லோணும்: அமைப்புகள், நெட்வொர்க், வைஃபை, அந்த ஹாட்ஸ்பாட் பேரோட பண்புகள், 'மீட்டர்டு கனெக்‌ஷன்' ஆன். அதைப் போட்டா அப்டேட் பெரும்பாலும் நின்னுக்கும். ஒன்டிரைவைத் தனியா நிறுத்தி வைக்கறது நல்லது. 'டெலிவரி ஆப்டிமைசேஷன்'னு ஒண்ணு இருக்கு, நாம இறக்கின அப்டேட்டை ஊர்ல இருக்கற மத்த கம்ப்யூட்டருக்கு, அமைப்பைப் பொறுத்து, நம்ம செலவுல ஏத்திக் கொடுக்கும். அதையும் ஆஃப். தர்மம் பண்றதுக்கு வேற வழி இருக்கு.

கோட்டா முடிஞ்சா 64 கேபிபிஎஸ். செகண்டுக்கு 8 கிலோபைட். 2 எம்பி பக்கம் ஒண்ணு திறக்க நாலு நிமிஷத்துக்கு மேல. அதுக்குள்ள லாகின் காலாவதி ஆகிடும், மறுபடி கேப்சா, மறுபடி நாலு நிமிஷம். இந்த வேகத்துல வாட்ஸப் எழுத்து போகும், ரிட்டர்ன் போகாது. டாப்அப் போட்டுத்தான் ஆகோணும். போட்ட பொறவு ஏரோபிளேன் மோடு ஒரு தடவை ஆன் பண்ணி ஆஃப் பண்ணினாத்தான் சில சமயம் வேகம் திரும்புது.

எண்ணெய் மில்லு நாலுக்கும் போட்டாச்சு.

மே 12, திங்கள்

கேபிள்காரர் வரல. ஆக்சிஜன் 93.

மே 13, செவ்வாய்

ரெண்டு மணிக்கு அட்டாலியில போன் தொட முடியாத சூடு. 'வெப்பம் அதிகம், சார்ஜ் நிறுத்தப்பட்டது'ன்னு எழுதிட்டு ஹாட்ஸ்பாட்டும் போச்சு.

ஓட்டுக்கு அடியில இது நடக்காம இருந்தாத்தான் அதிசயம். போன் கம்பெனிகளே சுத்துப்புறம் 35 டிகிரிக்குள்ள வெச்சுக்கச் சொல்றாங்க. மே மாசத்துல காங்கேயம் சீமைக்கு அந்தப் பேச்சே செல்லாது. சூடு மூணு வழியில சேருது. டவர் தூரமா இருந்தா போன் தன் முழு பவர்ல, 200 மில்லிவாட் வரைக்கும், கத்திக்கிட்டே இருக்கும். வைஃபை ரேடியோ ஒரு பக்கம். சார்ஜ் ஏர்ற பேட்டரி இன்னொரு பக்கம். மூணும் ஒட்டுக்கா நடந்தா அடுப்புதான்.

டவரைப் பக்கத்துல கொண்டாற முடியாது, வைஃபையை நிறுத்த முடியாது. சார்ஜைத்தான் பிரிக்க முடியும். விடியக்காலையில 80 வரைக்கும் ஏத்திட்டுப் பிடுங்கிடறது. பகல்ல ஏத்தியே ஆகோணும்னா 33 வாட் வேக சார்ஜர் வேண்டாம், பழைய 5 வோல்ட் 1 ஆம்பியர் டப்பா போதும்; மெதுவா ஏறும், சூடு கம்மி. ரப்பர் கவரைக் கழட்டியாச்சு. ஸ்கிரீன் ஆஃப். படுக்க வைக்காம மரச் சட்டத்துல சாச்சு நிறுத்தினா முதுகுப் பக்கம் காத்து போகும்.

பித்தளைத் தட்டுல வெச்சா குளுகுளுன்னு இருக்கும்னு அத்தை சொல்றாங்க. இருக்கும். சிக்னல் கெடும், உலோகம் மறைச்சுக்கும். ஃபிரிட்ஜுல வைக்கறதும் கூடாது, வெளிய எடுத்ததும் உள்ளுக்குள்ள தண்ணி வேர்க்கும்.

மதியம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் போன் திண்ணைக்கு. 104. ஓட்டிக்கலாம்.

மே 14, புதன்

யுஎஸ்பி டெதரிங், அதாவது போன் டேட்டாவைக் கேபிள் வழியா லேப்டாப்புக்குக் கொடுக்கறது. வைஃபை ரேடியோ வேண்டியதில்ல, சூடு கொஞ்சம் குறையும், ஆசாரத்துல இழுபறியும் இல்ல. கேபிளைச் சொருகு, ஹாட்ஸ்பாட் பக்கத்துலயே 'யுஎஸ்பி டெதரிங்' ஆன். விண்டோஸ் தானா எடுத்துக்கும். ஆண்ட்ராய்டு போனை மேக் கம்ப்யூட்டர்ல சொருகினா பெரும்பாலும் எடுத்துக்காது.

பொத்தான் மங்கியே இருந்தா நூத்துக்குத் தொண்ணூறு கேபிள்தான் காரணம். பவர்பேங்க் கூட வர்ற குட்டைக் கேபிள் நிறைய சார்ஜுக்கு மட்டும், உள்ள டேட்டா கம்பியே கிடையாது. போன் கூட வந்த கேபிளை எடுத்துப் போட்டுப் பாக்கோணும்.

யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர் வரைக்கும்தான் தாங்கும். அட்டாலி ஜன்னல்ல இருந்து கட்டில் பக்கம் வரைக்கும் கயிறு விட்டு அளந்ததுல 4.3. விட்டத்துல சுத்தி இறக்கியாச்சு. போன் 97-ல, லேப்டாப் கீழ.

ரெண்டு விஷயம். கேபிள்ல வந்தா விண்டோஸ் அதை ஈதர்நெட்னு எடுத்துக்கும். வைஃபைக்குப் போட்ட மீட்டர்டு இதுக்குச் செல்லாது, ஈதர்நெட் பக்கத்துல போய்த் திரும்பப் போடோணும். இல்லீன்னா ஞாயித்துக்கிழமை கதைதான். அப்பறம், லேப்டாப் சாதாரண யுஎஸ்பியில கொடுக்கறது அரை ஆம்பியர். 97-ல நிக்கற போன் அதையே தின்னுடும், பேட்டரி ஏறாது, இறங்காம நிக்கும். அது போதும்.

ஆக்சிஜன் 95! கஞ்சி குடிச்சாங்க.

மே 15, வியாழன்

டாக்டர் கூட வீடியோ. ரெண்டாவது நிமிஷம் படம் உறைஞ்சு போச்சு. சிக்னல் 97, கோட்டா மிச்சம், சூடு இல்ல. அப்பறம் பாத்தா ரெண்டாவது சிம்முக்கு மில்லுல இருந்து கால்.

ரெண்டு சிம் போன்ல நிறைய மாடலுக்கு ஒரு நேரத்துல ஒரு சிம்தான் உசுரோட பேசும். டேட்டா சிம் 1-ல ஓடும்போது சிம் 2-ல கால் எடுத்தா, பேசி முடிக்கற வரைக்கும் ஹாட்ஸ்பாட் பட்டினி. மூணு வழி. சிம் அமைப்புல 'அழைப்பின்போது டேட்டா'ன்னு ஒரு ஸ்விட்ச் இருந்தா ஆன் பண்ணலாம். கால் வர்ற சிம்மோட டேட்டாவை எடுத்துக்கும், அதுலயும் பேக் இருக்கோணும். இல்லீன்னா சிம் 2-க்கு வர்ற காலை வேற போனுக்குத் திருப்பி விடலாம். எல்லாத்தையும் விட நல்லது, டேட்டா சிம்மைத் தனியா ஒரு பழைய 4ஜி போன்ல போட்டு அட்டாலிக்கே நேந்து விட்டுடறது.

ஒரே சிம்லயும் இது நடக்கும், வோல்ட்டி (4ஜியிலயே கால் பேசற வசதி) ஆஃப்ல இருந்தா. கால் வந்ததும் போன் 4ஜியை விட்டு இறங்கிடும்.

மருந்து மாத்தியிருக்காங்க. 92.

மே 16, வெள்ளி

கேபிள்காரர் வந்தார். தலையைத் தூக்கிப் பாத்தார். "ரோட்டுல இருந்து இங்க வரைக்கும் கம்பமே இல்லீங்களே. மூணு கம்பம் நட்டாத்தான் வரும்ங்க." எப்பன்னு கேட்டதுக்கு, "ஆபீசுல சொல்லிப் பாக்கறனுங்க."

மே 17, சனி

ராத்திரி மழை. காலையில அட்டாலி 103. வடக்குப் பக்கம் பூராவும் தென்னை. நனைஞ்ச மட்டை காஞ்ச மட்டையை விட சிக்னலை அதிகமா உறிஞ்சும். வெயில் ஏறி மட்டை காஞ்சதும் 98.

5ஜி குறி வந்து வந்து போகுது. அது 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல ஓடற பேண்டா இருந்தா ஓட்டுக்கும் இலைக்கும் தாங்காது. வரும், பத்து செகண்ட் பறக்கும், 4ஜிக்கு விழும், அந்த மாறுற நேரத்துல பக்கம் அறுந்து போகும். விருப்ப நெட்வொர்க்கை 4ஜிக்கு மாத்தினதும் வேகம் கூடல, ஆனா அறுபடறது நின்னு போச்சு. ரிட்டர்னுக்கு வேகத்தை விட அறுபடாம இருக்கறதுதான் வேணும். 4ஜியிலயும் 850 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 5 தோட்டங்காட்டுக்கு வந்து சேரும். 2300-ல ஓடற பேண்ட் 40 டவுனுக்கு ஆனது.

எட்டுல இருந்து பத்தரை வரைக்கும் ஊரே போன்ல. நாம எங்க வெச்சாலும் டவர் ஒண்ணுதான். காலை அஞ்சு மணிக்கு அதே 97-ல மூணு மடங்கு வருது.

மே 18, ஞாயிறு

பாக்க வந்தவங்க கூட நாலு பசங்க. செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி "மாமா, பாஸ்வேர்ட் சொல்லுங்க."

இல்லீன்னு சொல்ல முடியாது. சொன்னா இன்னிக்கு டேட்டா மிஞ்சாது. பசங்க போன் ஹாட்ஸ்பாட்டை வைஃபைன்னு நினைச்சு போட்டோ பேக்கப்பை ஆரம்பிச்சாலே போதும். ஹாட்ஸ்பாட்ல 'இணைக்கக்கூடிய சாதனங்கள்' எண்ணிக்கையை 1 ஆக்கினேன். லேப்டாப் கேபிள்ல இருக்கறதால அந்த ஒண்ணு பசங்களுக்கு. ஒரு போன்ல நாலு பேரும் பாத்தாங்க, 480-ல. மணிக்கு அரை ஜிபி போகும், 1080-ல விட்டா அதைப் போல மூணு மடங்கு. போனதும் பாஸ்வேர்டை மாத்தியாச்சு.

ஆக்சிஜன் 91. ராத்திரி பூரா.

மே 19, திங்கள்

பேப்பர்ல போட்ட மாதிரியே ஒம்போது மணிக்குக் கரண்ட் கட். நாலு மணி வரைக்கும்.

பவர்பேங்க் மேல 10,000-னு இருக்கும். அது உள்ள இருக்கற 3.7 வோல்ட் செல்லோட கணக்கு. 5 வோல்ட்டா வெளிய வரும்போது ஆறாயிரத்துச் சொச்சந்தான் கிடைக்கும். போன் பேட்டரியோட 5,000-மும் அதே செல் வோல்ட்டுக் கணக்குத்தான், அதனால ஒண்ணரை தடவை ஏத்தலாம். இந்த சிக்னல்ல ஹாட்ஸ்பாட் மணிக்குப் பதினஞ்சு சதம் குடிக்குது, அதனால பகல் பொழுதுக்குப் பஞ்சமில்ல. லேப்டாப் பேட்டரிதான் முதல்ல சாகும். யுஎஸ்பியைப் பிடுங்கி வைஃபைக்கு மாத்தினேன், போனுக்குக் கொடுக்கற கரண்ட் லேப்டாப்புக்கு மிஞ்சும்.

மதியம் ஒண்ணரைக்கு அட்டாலி 97-ல இருந்து 109. டவருக்கும் பேட்டரிதானே. பக்கத்து டவர் படுத்துட்டா தூரத்து டவரைப் பிடிச்சுக்கும். போனை நகத்திப் பிரயோசனமில்ல.

ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேக்கறாங்க. காருக்குச் சொல்லி வெச்சாச்சு.

மே 20, செவ்வாய்

ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டற மாச ரிட்டர்ன்) கடைசி நாள். தாண்டினா ஒரு நாளைக்கு 50 ரூபா வீதம் ஒவ்வொரு மில்லுக்கும்.

நாலே முக்கால். சிக்னல் 96. ஏரோபிளேன் மோடு போட்டு எடுத்தாச்சு. மீட்டர்டு ரெண்டு பக்கமும் ஆன். பிரவுசர்ல ஒரே டேப். பணம் கட்டற சலான் நேத்தே போட்டது.

5.10 முதல் மில்லு, ஓடிபி வந்தது, போட்டாச்சு.

5.35 ரெண்டாவது. ஓடிபி மெயிலுக்கும் வரும், போனுக்கு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.

6.05 மூணாவது மில்லு முதலாளி போன் சுவிட்ச் ஆஃப். மெயில் பாஸ்வேர்ட் அவரு பையனுக்குத்தான் தெரியுமாம். பையன் தாராபுரத்துல. நாலாவதை முதல்ல எடுத்தாச்சு.

6.20 கார் வந்துடுச்சு. சிம்மைக் கழட்டி என் போன்ல போட்டுக்கிட்டேன், லேப்டாப் மடியில. வண்டி ஓடும்போது